கறுத்த பழம் கெட்ட பழமா?

(தாய்மார்கள் கூட்டத்தில் படிப்பதற்கான பேச்சு)



இன்றைய பேச்சு வாழைப்பழத்தைப் பற்றியது. வாழைப்பழம் எல்லோருக்கும் தெரியும். அதில் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். இந்தப் பேச்சு நல்ல மஞ்சள் பழத்தைப் பற்றியது அல்ல. தோல் கறுத்த பழத்தைப் பற்றியது. கையில் எடுத்தால் கொழகொழவென்று இருக்கும் பழத்தைப் பற்றியது. யாரும் தொடாமல் கூடையின் அடியில் கிடக்கும் பழத்தைப் பற்றியது.

அந்தப் பழத்தை என்ன செய்வது? குப்பையில் போடுவதா? மாட்டுக்குக் கொடுப்பதா? சமைப்பதா? இந்தக் கேள்விக்குக் கல்பாத்தி வீடுகளில் நல்ல பதில் இருக்கிறது.

கல்பாத்தியும் வாழையும்

பாலக்காடு நகரத்தை ஒட்டி இருக்கிறது கல்பாத்தி. கல்பாத்திப் புழை அதன் ஓரமாக ஓடுகிறது. கேரளத்தில் இருந்தாலும் அங்கே வீட்டுக்கு வீடு தமிழ் பேசுகிறார்கள். பல நூறு ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து போய்க் குடியேறியவர்களின் வழி வந்தவர்கள் அவர்கள். அங்கே விசுவநாத சுவாமி கோயில் இருக்கிறது. ஐப்பசி மாதக் கடைசியில் தேர்த் திருவிழா நடக்கும். மூன்று நாள் தேர் ஓடும். ஊரே கூடும்.

திருவிழா என்றால் வாழைப்பழம் இல்லாமல் முடியுமா? பூஜைக்குப் பழம். தாம்பூலத்துக்குப் பழம். வந்த உறவினருக்குப் பழம். வீட்டுக்கு வரும் விருந்தாளியும் கையில் ஒரு சீப்பு வாங்கி வருவார். திருவிழா முடியும். விருந்தாளிகள் ஊருக்குப் போவார்கள். பழம் மட்டும் வீட்டில் மிஞ்சும். இரண்டு நாளில் தோலில் புள்ளி விழும். நான்காம் நாள் தோல் முழுவதும் கறுத்துவிடும்.

ஆனால் பாலக்காட்டுப் பாட்டிமார்கள் இதற்குக் கலங்குவதில்லை. மருமகள் வந்து, "அம்மா, பழம் எல்லாம் கறுத்துப் போச்சு. தூக்கிப் போட்டுடட்டுமா?" என்று கேட்பாள். மாமியார், "போடாதே அம்மா. இப்போதான் அது பாகம்" என்று சொல்வார். இப்போதுதான் பதம் வந்திருக்கிறது என்பது அதன் பொருள்.

அந்தச் சொல்லில் உண்மை இருக்கிறது. அது எப்படி என்று பார்ப்போம்.

பழம் ஏன் கறுக்கிறது?

வாழைக்காயில் மாவுச்சத்து நிறைய உண்டு. நூறு பங்கில் சுமார் 20 பங்கு மாவுச்சத்து. அதனால்தான் காய் இனிப்பதில்லை. காய் பழுக்கும்போது இந்த மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. நன்றாகப் பழுத்த பழத்தில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கு மாவுச்சத்துதான் மிஞ்சும். மற்றது பெரும்பாலும் சர்க்கரை ஆகிவிடும். அதனால் பழம் இனிக்கிறது. அதனால்தான் மெதுவாகவும் ஆகிறது.

நேந்திரம் பழம் கொஞ்சம் வேறு மாதிரி. அது பழுத்த பின்னும் அதில் மாவுச்சத்து சற்றுக் கூடுதலாக இருக்கும். தோல் மஞ்சளாக இருக்கும்போது நேந்திரம் பழத்தைத் தின்றால் நாக்கில் மாவு போல ஒட்டும். தோல் கறுத்த பிறகுதான் முழு இனிப்பும் வரும். ஆகவே பாயசத்துக்குக் கறுத்த நேந்திரமே ஏற்றது. பாட்டிமார்கள் சொல்லும் 'பாகம்' இதுதான்.

பழத்துக்குள் இன்னொரு வேலையும் நடக்கிறது. பழுக்கும் பழம் ஒரு வாயுவை வெளியே விடுகிறது. அதன் பெயர் எத்திலீன். கண்ணுக்குத் தெரியாது. இந்த வாயு பட்டால் பக்கத்தில் இருக்கும் காயும் சீக்கிரம் பழுக்கும். அதனால்தான் ஒரு பழம் பழுத்தால் சீப்பு முழுவதும் வரிசையாகப் பழுத்துவிடுகிறது. மூடிய அறையில் குலையை வைத்தால் சீக்கிரம் பழுப்பதும் இதனால்தான்.

தோல் கறுப்பது எப்படி? கத்தரிக்காயை வெட்டி வைத்தால் கறுக்கிறது அல்லவா? அது போலத்தான். தோலில் இருக்கும் சில பொருள்கள் காற்றோடு சேர்ந்து கறுப்பாகின்றன. அது தோலின் நிறம் மட்டுமே. தோல் கறுத்ததால் உள்ளே இருக்கும் சதை கெட்டுவிட்டது என்று பொருள் இல்லை.

கறுத்தது வேறு, கெட்டது வேறு

இங்கே ஒரு எச்சரிக்கை. கறுத்த பழம் எல்லாமே நல்ல பழம் என்றும் நினைக்கக் கூடாது. பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். கண், மூக்கு, விரல் மூன்றும் போதும்.

நல்ல பழம் எப்படி இருக்கும்?
தோல் கறுத்திருக்கும். கிழியாமல் இருக்கும். உரித்தால் சதை வெள்ளையாகவோ, வெளிர் மஞ்சளாகவோ, தேன் நிறமாகவோ இருக்கும். இனிய வாசனை வரும்.

கெட்ட பழம் எப்படி இருக்கும்?
காம்பிலோ தோலிலோ பஞ்சு போலப் பூசணம் இருக்கும். தோல் வெடித்து நீர் ஒழுகும். கள் போலப் புளித்த நாற்றம் அடிக்கும். உள்ளே சதை கறுத்து அழுகி இருக்கும். புழு இருக்கலாம்.

கெட்ட பழத்தைச் சமைத்துத் திருத்த முடியாது. சில பூசணங்கள் நஞ்சை உண்டாக்கும். கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு முழுவதும் போகாது. வாழைப்பழம் மெதுவானது. பூசணம் மேலே தெரியும் இடத்தோடு நிற்காது. உள்ளேயும் பரவி இருக்கும். ஆகவே பூசணம் பிடித்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கக் கூடாது. முழுப் பழத்தையும் உரக்குழியில் போடுங்கள்.

அடிபட்ட பழம் வேறு. கீழே விழுந்த இடத்தில் சதை கொஞ்சம் கறுத்திருக்கும். நாற்றமும் பூசணமும் இல்லை என்றால் அந்த இடத்தை மட்டும் நீக்கிவிட்டு மீதியைச் சமைக்கலாம்.

ஒரு சிறு கணக்கு

ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். அந்த வீட்டில் வாரத்துக்கு அரைக் கிலோ பழம் வீணாகிறது. கிலோ 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

அரைக் கிலோ பழத்தின் விலை 25 ரூபாய்.
வருடத்துக்கு 52 வாரம்.
25 ரூபாயை 52 ஆல் பெருக்கினால் 1,300 ரூபாய்.

ஒரு வருடத்தில் 1,300 ரூபாய் குப்பைக்குப் போகிறது. ஒரு பிள்ளைக்கு நோட்டுப் புத்தகமும் செருப்பும் வாங்கும் பணம் அது. 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்றார்கள் பெரியவர்கள். நாம் அளக்காமலே போடுகிறோம்.

பணம் மட்டுமா வீணாகிறது? ஒரு நேந்திரக் குலை தயாராகப் பத்து மாதம் ஆகும். உழவர் தண்ணீர் பாய்ச்சுகிறார். உரம் போடுகிறார். காற்றில் சாயாமல் முட்டுக் கொடுக்கிறார். அவ்வளவு உழைப்பும் குப்பைக்குப் போகிறது.

உழவரின் நிலை இன்னொன்றையும் காட்டுகிறது. ஓணம் வரும் ஆவணியில் நேந்திரத்துக்கு நல்ல விலை கிடைக்கும். வரத்து கூடினால் விலை விழும். அறுத்த குலையை விலை ஏறும் வரை வைத்திருக்க முடியாது. நெல்லை மூட்டை கட்டி வைக்கலாம். பழத்தை வைக்க முடியுமா? இந்தச் சங்கடத்தைப் பார்த்துத்தான் கேரள அரசு 2020 நவம்பர் 1 முதல் 16 வகைக் காய், பழம், கிழங்குகளுக்கு அடிப்படை விலை வைத்தது. அப்போது நேந்திரத்துக்குக் கிலோ 30 ரூபாய் என்று வைத்தார்கள். வயநாட்டு நேந்திரத்துக்குக் கிலோ 24 ரூபாய். அதற்குக் கீழே விலை போனால் உழவருக்கு உதவுவது திட்டத்தின் நோக்கம்.

பழுத்த பழத்தை வீணாக்காமல் பண்டமாக்கத் தெரிந்தால் வீட்டுக்கும் லாபம். தோட்டக்காரருக்கும் லாபம்.

எந்தப் பழம் எதற்கு?

ஒரே பழத்துக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும். தமிழ்நாட்டில் பூவன் என்பதைப் பாலக்காட்டில் பாளையங்கோடன் என்பார்கள். தமிழ்நாட்டில் ஏலக்கி என்பது அங்கே ஞாலிப்பூவன். பெயர் மாறினாலும் குணம் மாறாது.

நேந்திரம்: பாயசம், வரட்டி, புளிசேரி, நுறுக்கு.
பாளையங்கோடன்: நெய்யப்பம், உண்ணியப்பம், பணியாரம்.
ரோபஸ்டா: கோதுமை அப்பம், சப்பாத்தி மாவு.

நேந்திரத்தில் பழம்பொரி செய்வதும் உண்டு. பழத்தை நீளமாகச் சீவி, மாவில் தோய்த்து, எண்ணெயில் பொரிப்பார்கள். அதற்குத் தோலில் புள்ளி விழுந்த பழம் போதும். மிகவும் கொழகொழத்த பழம் எண்ணெயில் உடைந்துபோகும். எண்ணெயையும் நிறையக் குடிக்கும்.

இனி நான்கு பண்டங்களைப் பார்ப்போம். எல்லாமே வீட்டில் இருக்கும் பொருளைக் கொண்டு செய்பவை.

1. நெய்யப்பம்

கல்பாத்தித் தேர் முடிந்ததும் கார்த்திகை மாதம் வரும். கார்த்திகைத் தீபத்துக்குப் பாலக்காட்டுத் தமிழர் வீடுகளில் அப்பம் செய்வார்கள்.

தேவையானவை: பச்சரிசி ஒரு டம்ளர், பொடித்த வெல்லம் முக்கால் டம்ளர், நன்றாகப் பழுத்த பாளையங்கோடன் பழம் இரண்டு, தேங்காய்ப் பல் ஒரு கைப்பிடி, ஏலக்காய் மூன்று, நெய் அல்லது எண்ணெய்.

அரிசியை இரண்டு மணி நேரம் ஊற வையுங்கள். நீரை வடித்துவிட்டு அரையுங்கள். வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மண் இல்லாமல் வடிகட்டி, ஆறவிட்டுச் சேருங்கள். பழத்தையும் சேர்த்து அரையுங்கள். மாவு தோசை மாவை விடச் சற்றுக் கெட்டியாக இருக்க வேண்டும். தேங்காய்ப் பல்லை நெய்யில் வறுத்துப் போடுங்கள். ஏலப்பொடி தூவுங்கள்.

அப்பக்காரலை அடுப்பில் வையுங்கள். அப்பக்காரல் இல்லாத வீட்டில் குழிப்பணியாரச் சட்டி போதும். குழியில் நெய் விட்டுச் சூடானதும் மாவை ஊற்றுங்கள். தீ சிறியதாக இருக்கட்டும். ஒரு பக்கம் சிவந்ததும் திருப்பிப் போடுங்கள்.

பழம் எதற்கு? பழம் சேர்ந்தால் அப்பம் மெத்தென்று இருக்கும். ஆறினாலும் கல் போல இறுகாது. கேரளத்தில் கொட்டாரக்கரைக் கணபதி கோயிலில் உண்ணியப்பம் பெயர் பெற்றது. உண்ணியப்பமும் அரிசி, வெல்லம், பழம் சேர்ந்த பண்டம்தான்.

2. பழப் பிரதமன்

தேவையானவை: கறுத்த நேந்திரம் பழம் மூன்று, வெல்லம் கால் கிலோ, பெரிய தேங்காய் ஒன்று, நெய் மூன்று கரண்டி, சுக்குப் பொடி, ஏலப்பொடி.

பழத்தைத் தோலோடு இரண்டு துண்டாக்கி ஆவியில் வேக வையுங்கள். தோலை உரியுங்கள். நடுவில் இருக்கும் கறுப்பு விதையையும் நாரையும் எடுத்துவிடுங்கள். சதையை நன்றாக மசியுங்கள்.

தேங்காயைத் துருவிப் பால் எடுங்கள். முதல் பால் கெட்டியாக ஒரு டம்ளர். அதைத் தனியாக வையுங்கள். இரண்டாம் பால் இரண்டு டம்ளர்.

உருளியில் நெய் விட்டு மசித்த பழத்தைப் போட்டுக் கிளறுங்கள். பச்சை வாசனை போனதும் வடிகட்டிய வெல்லப் பாகைச் சேருங்கள். அடி பிடிக்காமல் கெட்டியாகும் வரை கிளறுங்கள். பிறகு இரண்டாம் பாலை ஊற்றிக் கொதிக்க விடுங்கள். கடைசியில் முதல் பாலை ஊற்றி, சூடானதும் இறக்குங்கள். முதல் பால் கொதிக்கக் கூடாது. கொதித்தால் திரிந்துவிடும். சுக்கும் ஏலமும் தூவுங்கள்.

வெல்லத்துக்கும் ஊர்ப் பெருமை உண்டு. இடுக்கி மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி மறையூர் இருக்கிறது. அங்கே கரும்பு விளைவித்து வெல்லம் காய்ச்சுகிறார்கள். மறையூர் வெல்லத்துக்கு 2019 ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த ஊர்ப் பொருள்தான் இந்தப் பெயரில் விற்கலாம் என்பதற்கான சட்ட அடையாளம் அது.

குருவாயூர்க் கோயிலிலும் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஓணத்துக்கு முந்தைய நாளான உத்திராடத்தன்று மக்கள் நேந்திரக் குலைகளைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். அதற்குக் காழ்ச்சக்குலை என்று பெயர். குலைகள் மலை போலக் குவியும். அதில் ஒரு பங்கு மறுநாள் விருந்தில் பழப் பிரதமன் ஆகும். ஒரு பங்கு கோயில் யானைகளுக்குப் போகும். மீதியை ஏலம் விடுவார்கள். நிறையப் பழம் ஒரே நாளில் வந்தாலும் அதற்கு வழி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கும் அப்படி ஒரு திட்டம் வேண்டும்.

3. பழப் புளிசேரி

பழம் என்றால் இனிப்புப் பண்டம்தானா? இல்லை. சோற்றுக்குக் குழம்பும் ஆகும்.

தேவையானவை: பழுத்த நேந்திரம் ஒன்று, புளித்த தயிர் ஒரு டம்ளர், தேங்காய்த் துருவல் அரை மூடி, பச்சை மிளகாய் இரண்டு, சீரகம் அரைக் கரண்டி, மஞ்சள் தூள், உப்பு. தாளிக்க எண்ணெய், கடுகு, வெந்தயம், வற்றல் மிளகாய், கறிவேப்பிலை.

பழத்தை உரித்துத் துண்டு போடுங்கள். மஞ்சள் தூள், உப்பு சேர்த்துக் கொஞ்சம் தண்ணீரில் வேக வையுங்கள். தேங்காய், மிளகாய், சீரகத்தை அரைத்துச் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். தீயைக் குறைத்துவிட்டுக் கடைந்த தயிரை ஊற்றுங்கள். நுரைத்து வரும்போது இறக்குங்கள். கொதித்தால் தயிர் திரியும். பிறகு தாளித்துக் கொட்டுங்கள்.

புளிப்பு, இனிப்பு, காரம் மூன்றும் சேர்ந்திருக்கும். இதில் வெல்லம் தேவையில்லை. பழத்தின் இனிப்பே போதும். செலவும் குறைவு.

4. பழ வரட்டி

வீட்டில் ஒரே நேரத்தில் நிறையப் பழம் கறுத்துவிட்டால் இதுதான் வழி. பலாப்பழத்தில் சக்கவரட்டி செய்வது போல, வாழைப்பழத்திலும் வரட்டி செய்யலாம்.

ஒரு கிலோ பழச் சதைக்கு அரைக் கிலோ வெல்லமும் 100 கிராம் நெய்யும் போதும். ஆவியில் வெந்த பழத்தை மசித்து, அடி கனத்த உருளியில் போட்டுக் கிளறுங்கள். வெல்லப் பாகு சேருங்கள். நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். உருளியில் ஒட்டாமல் திரண்டு வரும் வரை கிளற வேண்டும். ஒரு மணி நேரம் ஆகலாம். கைக்குத் தெறிக்கும். கவனம். நீளமான கரண்டி வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றாக ஆறிய பிறகு ஈரம் இல்லாத கண்ணாடிப் பாட்டிலில் போடுங்கள். காய்ந்த கரண்டியால் மட்டும் எடுங்கள். குழந்தைகளுக்குச் சப்பாத்தியில் தடவிக் கொடுக்கலாம். திடீரென்று விருந்தாளி வந்தால் இதில் தேங்காய்ப் பால் ஊற்றினால் பிரதமன் ஆகிவிடும்.

ஈரமே எதிரி

வரட்டி ஏன் பல நாள் இருக்கிறது? கிருமி வளர ஈரம் வேண்டும். கிளறக் கிளற ஈரம் ஆவியாகப் போய்விடுகிறது. மிஞ்சிய கொஞ்ச ஈரத்தையும் வெல்லம் பிடித்து வைத்துக்கொள்கிறது. கிருமிக்கு ஈரம் கிடைப்பதில்லை.

பழனிப் பஞ்சாமிர்தமும் இதே வழிதான். பாலக்காட்டிலிருந்து பழனி தூரம் இல்லை. வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய் சேர்த்து அதைச் செய்கிறார்கள். பேரீச்சம்பழமும் கற்கண்டும் சேர்ப்பார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. அதனால் கெடாமல் பல நாள் இருக்கிறது. பழனி மலைப் பகுதியில் விளையும் விருப்பாட்சி என்ற மலை வாழைப்பழம் அதற்கு உகந்தது. அந்தப் பழத்தில் நீர் குறைவு. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் 2019 ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது.

பழத்தை உலர்த்தியும் வைக்கலாம். உரித்த பழத்தை நீளவாக்கில் இரண்டாக வெட்டுங்கள். சுத்தமான தட்டில் வைத்து, மெல்லிய துணியால் மூடி, நல்ல வெயிலில் சில நாள் காய வையுங்கள். ஈ மொய்க்கக் கூடாது. இரவில் வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும். இதற்குக் கொழகொழத்த பழம் ஆகாது. கெட்டியாகப் பழுத்த பழமே ஏற்றது. திருச்சி மாவட்டம் தொட்டியம் பகுதியில் சூரிய உலர்த்திக் கூடம் வைத்துப் பழத்தை உலர்த்தி விற்கிறார்கள். திருச்சியில் மத்திய அரசின் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 1993 இல் தொடங்கியது. வாழையிலிருந்து பண்டங்கள் செய்யும் முறைகளை அங்கே சொல்லித் தருகிறார்கள். குடும்பஸ்ரீ போன்ற மகளிர் குழுக்கள் இதைத் தொழிலாகவும் செய்யலாம். ஆனால் விற்பதற்கு முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும்.

மற்ற நாடுகளில்

பழுத்த பழத்தை வீணாக்காத மக்கள் உலகம் எங்கும் உண்டு. ஆப்பிரிக்காவில் கானா நாடு இருக்கிறது. அங்கே நேந்திரம் போன்ற பெரிய வாழைப்பழம் நன்றாகக் கறுத்த பிறகு, மசித்து, மாவும் வெங்காயமும் இஞ்சியும் மிளகாயும் சேர்த்து அடை தட்டுவார்கள். அதன் பெயர் தாத்தலே. நம் கார அடை போல இருக்கும்.

அமெரிக்காவில் 1930களில் பெரிய வேலையில்லாத் திண்டாட்டம் வந்தது. எதையும் எறியக் கூடாது என்று வீட்டுப் பெண்கள் கவனமாக இருந்தார்கள். கறுத்த வாழைப்பழத்தை மாவில் பிசைந்து ரொட்டி சுட்டார்கள். அந்த ரொட்டி அப்போதுதான் அங்கே வீடுகளில் பரவியது.

பிலிப்பைன்ஸ் நாட்டில் மரியா ஒரோசா என்ற உணவு அறிவியலாளர் இருந்தார். தக்காளி அங்கே கிடைப்பது அரிதாக இருந்தது. வாழைப்பழம் தாராளமாக இருந்தது. அவர் வாழைப்பழத்திலிருந்தே தக்காளி சாஸ் போன்ற ஒன்றைச் செய்து காட்டினார். இன்றும் அந்த நாட்டுக் கடைகளில் அது விற்கிறது.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும். கறுத்த பழத்தில் இருக்கும் சர்க்கரை சீக்கிரம் இரத்தத்தில் ஏறும். அதில் வெல்லமும் சேர்ந்தால் இன்னும் ஏறும். வெல்லம் நல்லது, சர்க்கரைதான் கெட்டது என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. வெல்லமும் இரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டும்.

சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் வாழைப்பழம் தின்ன வேண்டும். வாழைப்பழத்தில் பொட்டாசியம் என்ற உப்புச் சத்து அதிகம். 100 கிராம் பழத்தில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. மற்றவர்களுக்கு அது நல்லது. பழுதுபட்ட சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது.

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு நேந்திரம் பழத்தை ஆவியில் வேக வைத்து, விதையும் நாரும் எடுத்து, மசித்துக் கொடுக்கலாம். வெல்லமும் நெய்யும் நிறையச் சேர்க்க வேண்டாம். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. தேன் கலந்த பஞ்சாமிர்தமும் கொடுக்கக் கூடாது.

மிச்சம் யார் பங்கு?

கடைசியாக ஒரு முக்கியமான செய்தி. பல வீடுகளில் நல்ல பழம் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போகிறது. கறுத்த பழம் யாருக்கு? வீட்டு அம்மாவுக்கு. "வீணாகக் கூடாதே" என்று அவள் தின்கிறாள். சில நேரம் புளித்துப்போனதையும் தின்கிறாள். வயிறு கெடுகிறது. வெளியே சொல்வதில்லை.

இது சிக்கனம் அல்ல. நல்ல பழத்தை வீணாக்காமல் சமைப்பதுதான் சிக்கனம். கெட்டதை அம்மாவின் வயிற்றில் போடுவது சிக்கனம் ஆகுமா? அம்மாவின் வயிறு குப்பைத் தொட்டி இல்லை. கெட்டது உரக்குழிக்குப் போகட்டும். நல்லது பண்டமாகட்டும். அந்தப் பண்டத்தை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து தின்ன வேண்டும். அம்மாவுக்கும் அதில் சம பங்கு வேண்டும்.

சமைக்கும் வேலையும் அப்படித்தான். வரட்டி கிளற ஒரு மணி நேரம் ஆகும். கை வலிக்கும். கணவரும் வளர்ந்த பிள்ளைகளும் கரண்டியை மாற்றி மாற்றிப் பிடிக்கலாம். கல்யாண வீட்டில் பெரிய உருளியில் பிரதமன் கிளறுவது ஆண்கள்தானே! வீட்டில் மட்டும் ஏன் கூடாது?

நினைவில் வைக்க

வேண்டிய அளவு மட்டும் பழம் வாங்குங்கள்.
பழுத்த பழத்தைக் காயோடு சேர்த்து வைக்காதீர்கள்.
சீப்பைத் தரையில் வைக்காமல் கயிற்றில் தொங்க விடுங்கள். அடிபடாது.
காயைக் குளிர்ப்பெட்டியில் வைக்காதீர்கள். பிறகு சரியாகப் பழுக்காது. பழுத்த பழத்தை வைக்கலாம். தோல் கறுக்கும். உள்ளே நன்றாக இருக்கும்.
தினமும் காலையில் பழக்கூடையை ஒரு முறை பாருங்கள்.
கறுத்தால் அன்றைக்கே சமையுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.
பூசணம், புளித்த நாற்றம், நீர் ஒழுகல் இருந்தால் உரக்குழியில் போடுங்கள்.
நல்ல பழத்தின் தோல் மாட்டுக்கு ஆகும். மாடு இல்லாவிட்டால் செடிக்கு உரமாகும்.

அன்பானவர்களே! இன்று வீட்டுக்குப் போனதும் பழக்கூடையைப் பாருங்கள். அடியில் ஒரு கறுத்த பழம் இருக்கலாம். கையில் எடுங்கள். உரியுங்கள். முகர்ந்து பாருங்கள். நன்றாக இருந்தால் இன்று சாயங்காலமே அடுப்பில் அப்பக்காரல் ஏறட்டும்.